மடக்குத் தண்ணீர்ப் பை: மலையேறுவோர் நம்புவதும் மலையில் நடப்பதும்

வெயில் ஏற ஏற மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊற்றுகள் ஒவ்வொன்றாக மெலிந்துவிடும். மலையேறப் போகிறவர்கள் அதுவரை "எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். மார்ச் பிறந்ததும் "வழியில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். இதற்கு விடையாக இப்போது பலரும் வாங்குவது மடக்குத் தண்ணீர்ப் பை. நிரப்பினால் இரண்டு, நான்கு, பத்து லிட்டர்கூடப் பிடிக்கும். காலியானால் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் வைத்துவிடலாம்.

நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வாங்குகிறவர்கள் கூடவே சில தவறான நம்பிக்கைகளையும் வாங்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் விஷயத்தில் தவறான நம்பிக்கை தலைவலியோடு முடிவதில்லை. வயிற்றுப்போக்கிலும், நனைந்த ஸ்லீப்பிங் பேகிலும், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாத இரவிலும் கொண்டுபோய் விடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: பாட்டிலை விட இது எடை குறைவு. அதனால் பாட்டிலே வேண்டாம்.

கடைகளில் விற்கும் ஒரு லிட்டர் குடிநீர் பாட்டில் காலியாக இருக்கும்போது முப்பது கிராமுக்குள்தான் இருக்கும். நல்ல மடக்குப் பையின் எடையும் ஏறக்குறைய அதுவே. ட்ரைட்டான் எனப்படும் கடினப் பிளாஸ்டிக்கில் வரும் அகல வாய் பாட்டில் சுமார் 180 கிராம். இந்தப் பாட்டிலோடு ஒப்பிட்டால் மட்டுமே பை எடை குறைவு. உள்ளே ஊற்றும் தண்ணீரோ எதில் ஊற்றினாலும் லிட்டருக்கு ஒரு கிலோதான்.

பையின் உண்மையான லாபம் எடையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பாட்டில் காலியானாலும் அதே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். காலிப் பை அடைக்காது. ஆகவே வறண்ட பகுதியைக் கடக்கும் அரை நாளுக்கும், ஊற்றிலிருந்து தள்ளிப் போட்ட கேம்பில் இரவைக் கழிக்கவும் பை உதவும். நடக்கும்போது எடுத்து எடுத்துக் குடிக்க அது சௌகரியப்படாது. கையில் பிடித்தால் துவளும், ஒரு கையால் மூடியைத் திறக்க முடியாது, கீழே வைத்தால் சாயும். நடையில் குடிக்க ஒரு கடின பாட்டிலும் சேமிக்க ஒரு பையும் என்பதே சரியான ஜோடி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 தடங்கள் உண்டு. அவற்றில் பலவற்றைப் போலக் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் நடைக்கு மட்டும் போகிறவர் இந்தப் பைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை. இரண்டு பாட்டில் தாராளமாகப் போதும்.

நம்பிக்கை: பெரிய பையாக ஒன்று வாங்கிவிட்டால் கவலை இல்லை.

பத்து லிட்டர் பை நிரம்பினால் பத்துக் கிலோ. அதை ஊற்றிலிருந்து கூடாரம் வரை, ஏற்ற இறக்கமான பாறை வழியில், பிடி சரியில்லாத ஒரு மூட்டையாகத் தூக்கி வர வேண்டும். வழியில் ஒரு முள் ஏறினால் மொத்தத் தண்ணீரும் போச்சு. இரண்டு பேர் ஒரு இரவு தங்கிச் சமைக்க, தேநீர் போட, இரவில் குடிக்க, காலையில் கிளம்ப ஆறு லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மூன்று லிட்டர் பை இரண்டு எடுப்பதே புத்திசாலித்தனம். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். முதுகுப்பையில் எடையைப் பிரித்து அடுக்கவும் முடியும். எட்டுப் பேர் தங்கும் பெரிய கேம்ப் என்றால் கதை வேறு. அங்கே எம்.எஸ்.ஆர். ட்ரோமடரி போன்ற தடித்த நைலான் துணி போர்த்திய பெரிய பைக்கு வேலை இருக்கிறது.

பெரிய பை வைத்திருப்பதாலேயே நிறையக் குடிக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறு. தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே நடந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், தலைவலி, குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் இப்படி மீட்கப்பட்டவர்கள் உண்டு. தாகம் எடுக்கும்போது குடியுங்கள், இடையிடையே உப்புள்ள தீனி ஏதாவது சாப்பிடுங்கள்.

நம்பிக்கை: எல்லாப் பையும் ஒன்றுதான். கொள்ளளவையும் விலையையும் பார்த்தால் போதும்.

வாங்குகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பையில் முதலில் பார்க்க வேண்டியது அதன் வாய். லிட்டர் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் என்று சொல்கிறேன். ஓடையில் பாட்டிலை அமுக்கினால் குபுகுபுவென்று நிரம்பும். சிறு வாய்ப் பையை அதே ஓடையில் அமுக்கிப் பாருங்கள். தண்ணீரின் அழுத்தம் பையின் இரு சுவர்களையும் ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடும், கால் பங்குகூட நிரம்பாது. வாயை வைத்து ஊதிப் பையை உப்ப வைத்துவிட்டு அமுக்கினால் கொஞ்சம் நிரம்பும். ஆனால் சுத்திகரிக்காத தண்ணீர் தொட்ட வாயில் நாம் வாய் வைப்பது சரியில்லை. அதனால் ஒரு சிறு கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றுவதே வழக்கம்.

ஊற்று மெலிந்து, பாறை இடுக்கில் ஈரம் வழிவது போல ஒழுகும் காலத்தில் கோப்பையும் உதவாது. அப்போது நீளமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும் ஒரு உதிர்ந்த இலையை எடுங்கள். காம்புப் பக்கத்தைப் பாறையில் தண்ணீர் வழியும் கோட்டில் வைத்து, மேலே ஒரு சின்னக் கல்லை வைத்து அழுத்துங்கள். பாறையோடு ஒட்டிப் பரவிக்கொண்டிருந்த தண்ணீர் இலையின் நடு நரம்பில் கூடி, நுனியிலிருந்து நூல் போல விழும். அதன் கீழே பையின் வாயைக் காட்டினால் பொறுமைக்கு ஏற்ப நிரம்பும். எந்த இலை என்று தெரியாவிட்டால் பால் வடியும் செடியின் இலையைத் தொடாதீர்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் ஒரு பக்கம் முழுதும் திறந்துகொள்ளும் பையில் குறைவு. அதன் மேல் விளிம்பு முழுதும் வாய்தான். மடித்து, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தைச் சறுக்கி மூடுவார்கள். ஆழமில்லாத குட்டையிலும் வாரி எடுக்கலாம், உள்ளே கை விட்டுக் கழுவலாம், விரித்துக் காய வைக்கலாம். எதிர் முனையில் திருகு மூடி இருக்கும். முதல் பை வாங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். குறை ஒன்று உண்டு. சறுக்குச் சட்டம் ஒரு ஓரத்தில் சரியாகப் பதியாவிட்டால் மெல்லக் கசியும்.

அடுத்தது மூடியின் மரை. ஃபில்டரை நேரடியாகப் பையில் திருகிப் பிழிகிறவர்களுக்கு இது உயிர்நாடி. பிழிந்து வடிகட்டும் ஃபில்டர்கள் பல, சோடா, கோலா பாட்டில்களில் வரும் 28 மி.மீ. மரைக்குச் செய்யப்பட்டவை. சில ஃபில்டர்கள் 42 மி.மீ. அகல வாய்க்கு. நம் ஊர் குடிநீர் பாட்டில்கள் எல்லாவற்றின் வாயும் 28 மி.மீ. அல்ல. ஆகவே 'பாட்டிலுக்குப் பொருந்தினால் பைக்கும் பொருந்தும்' என்ற கணக்கு மலையில் கைவிட்டுவிடும். கடையில் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டே திருகிப் பாருங்கள். முழுதாகப் பதிந்து உட்கார வேண்டும், வாஷர் நசுங்க வேண்டும்.

மூன்றாவது, ஓரத்து ஒட்டு. இந்தப் பைகளில் தையல் கிடையாது. இரண்டு தாள்களைச் சூட்டால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். பை போவது பெரும்பாலும் இந்த ஓரத்தில், அதிலும் வாய்க்குப் பக்கத்தில். ஃபில்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய பையை முறுக்கிப் பிழிந்தால் ஒட்டு விட்டுவிடும். தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று கோபத்தில் முறுக்காதீர்கள். ஃபில்டர் அடைத்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். அதைத் திருப்பிக் கழுவ வேண்டும்.

நம்பிக்கை: 'பி.பி.ஏ. இல்லை' என்று அச்சிட்டிருந்தால் பாதுகாப்பானது.

பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் பாலிகார்பனேட் என்ற கடினப் பிளாஸ்டிக் தயாரிப்பதற்கானது. மடக்குப் பையின் உட்புறம் பெரும்பாலும் பாலித்தீன் அல்லது டி.பி.யூ. என்கிற பாலியூரித்தேன். பாலித்தீனில் பி.பி.ஏ.வுக்கு வேலையே இல்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று அச்சிடுவதில் வாங்குகிறவருக்கு என்ன லாபம்? பார்க்க வேண்டியது, உணவு, குடிநீர் தொடத் தகுந்த பிளாஸ்டிக்கா என்பது. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு பொருள் கசிகிறது என்று சோதிக்க இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 9845 இருக்கிறது. எந்தப் பிளாஸ்டிக் என்றே சொல்லாத, திறந்ததும் ரெக்சின் வாடை தூக்கலாக அடிக்கிற, மலிவான பி.வி.சி. பைகளை விட்டுவிடுங்கள். குளிக்கவும் கை கழுவவும் என்று விற்கிற ஷவர் பைகளில் குடிநீர் வைக்காதீர்கள்.

நம்பிக்கை: மலை ஊற்று சுத்தமானது. அதிலும் ஃபில்டர் வைத்தாயிற்று, இனி ஒன்றும் ஆகாது.

வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று ஒவ்வொரு சுனைக்கும் பெயரும் பக்தியும் உண்டு. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பிப்ரவரி முதல் மே வரை கூட்டம் கூட்டமாக மக்கள் ஏறி, நீராடி, கால் நனைக்கும் நீரைக் கிருமியற்றது என்று உடலும் நம்ப வேண்டுமே. பூமியிலிருந்து கொப்பளித்து வரும் இடத்திலேயே பிடித்தால் ஊற்று ஓரளவு நம்பகம். பத்தடி ஓடியபின் அது ஓடைதான். மேலே யார் என்ன செய்தார்கள் என்பது கீழே மொள்கிறவருக்குத் தெரியாது.

ஃபில்டருக்கு வருவோம். இழைக்குழாய் ஃபில்டர்களின் துளை 0.1 மைக்ரான். பாக்டீரியாவையும், 4 முதல் 12 மைக்ரான் இருக்கும் கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் அது தடுத்துவிடும். வைரஸ் அதைவிட மிகச் சிறியது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் 0.03 மைக்ரான்தான், நேராகக் கடந்துபோகும். மனிதர் நடமாட்டம் அதிகமுள்ள நம் மலைகளில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. குளோரின் மாத்திரை வைரஸைக் கொல்லும், அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு அசையாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். அடுப்புக்கு அனுமதி உள்ள இடத்தில் கொதிக்க வைப்பதே எளிது: கொப்பளித்து ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம்.

இதற்கும் பைக்கும் என்ன சம்பந்தம்? மிக நெருக்கமான சம்பந்தம். அழுக்குத் தண்ணீர் எடுத்த பையிலேயே வடிகட்டிய தண்ணீரை ஊற்றினால் வடிகட்டியதே வீண். ஊற்றிலிருந்து எடுக்க ஒரு பை, குடிக்கும் தண்ணீருக்கு வேறு ஒன்று என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றால் அந்தி வேளையில் களைத்துப்போன கைக்கு வித்தியாசம் தெரியாது. அழுக்குப் பையின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். மாத்திரை கரைந்ததும் மூடியைச் சற்றுத் தளர்த்தி, பையைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். மருந்து கலந்த தண்ணீர் மரை வழியாகச் சொட்டி வரட்டும். பிறகு இறுக்கிவிட்டு அரை மணி காத்திருங்கள். மரை இடுக்கில் தங்கிய சுத்திகரிக்காத துளிதான் குடிக்கும்போது முதலில் உதட்டைத் தொடுகிறது.

நம்பிக்கை: இந்தப் பையில் வைத்தால் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

இது பழைய நினைவின் மிச்சம் என்று நினைக்கிறேன். முன்பு லாரிகளிலும் ஜீப்புகளிலும் கித்தான் தண்ணீர்ப் பை தொங்கும். கித்தானில் தண்ணீர் ஊறி, வெளிப்புறத்தில் ஆவியாகும். அந்த ஆவி சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் உள்ளே குளிரும். பிளாஸ்டிக் பையில் ஒரு துளியும் ஊறி வெளியே வராது, ஆகவே குளிராது. வெயிலில் வைத்தால் பாட்டிலைப் போலவே சுடும். ஈரத் துண்டைச் சுற்றிக் காற்றுப்படும் நிழலில் தொங்கவிட்டால் அந்தப் பழைய வித்தை திரும்பவும் வேலை செய்யும்.

நம்பிக்கை: கொதிநீரும் ஊற்றலாம், பனியிலும் வைக்கலாம், ரப்பர் போலத் தாங்கும்.

பைக்குப் பை மாறும். பல பைகளுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றினால் ஓர ஒட்டு இளகும். உத்தராகண்டில் கேதார்காந்தா போன்ற குளிர்கால நடைக்குப் போகிறவர்கள், சுடுநீரை நிரப்பி ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். அதற்கு ட்ரைட்டான் கடின பாட்டில்தான் வேண்டும். மடக்குப் பையை அப்படி வைத்து அது நள்ளிரவில் ஒழுகினால், உறைபனிக் குளிரில் நனைந்த படுக்கை உயிருக்கே ஆபத்து.

உறைவதைப் பொறுத்தவரை பைக்கு ஒரு சாதகம் உண்டு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். முழுக்க நிரப்பாத பை அதற்கு இடம் கொடுத்துவிடும். பனிக்கட்டி மேலிருந்து கீழாகப் பிடிப்பதால் வாய் கீழே வருமாறு வைத்தால் காலையில் மூடி திறக்கும். பையை விட ஃபில்டரைப் பற்றித்தான் இங்கே கவலை வேண்டும். ஒருமுறை நனைந்த இழைக்குழாய் ஃபில்டர் உறைந்தால் உள்ளே இழைகள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியும் கூடவே வரும். இரவில் அதை ஒரு உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொண்டு படுங்கள். உறைந்தது என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

நம்பிக்கை: கிழிந்தால் பஞ்சர் ஒட்டுவது போல ஒட்டிவிடலாம்.

சைக்கிள் ட்யூபுக்குப் போடும் சொல்யூஷன் பாலித்தீனில் ஒட்டாது. அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு எந்தப் பசையையும் எளிதில் ஏற்பதில்லை. டி.பி.யூ. பைக்கு யூரித்தேன் பசை பிடிக்கும், ஆனால் உலர நேரம் வேண்டும். கேம்பில் செய்யக்கூடியது, பையைக் காலி செய்து, துளையைச் சுற்றி நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மூலைகளை வட்டமாக வெட்டிய டேப்பை வெளிப்புறம் அழுத்தி ஒட்டுவது. பிறகு துளை மேலே இருக்கும்படி வைத்து, அதற்குக் கீழே வரைதான் நிரப்ப வேண்டும். ஊர் வந்து சேரத் தாங்கும்.

துளை விழாமல் பார்ப்பது இதைவிடச் சுலபம். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்தக் கோட்டில் ஊசித் துளைகள் விழும். ஆகவே மடிக்காமல் சுருட்டுங்கள். நிரப்பிய பையை முதுகுப்பையின் நடுவில், முதுகை ஒட்டி, வாய் மேலே இருக்கும்படி வையுங்கள். கத்தி, கரண்டி, அடுப்பு எதுவும் அதைத் தொடக் கூடாது. துணிமணியும் ஸ்லீப்பிங் பேகும் தனியாக நீர்புகா உறையில் இருக்கட்டும்.

நம்பிக்கை: தண்ணீர் மட்டும்தானே வைத்தோம், கழுவத் தேவையில்லை.

மூடிய ஈரப் பையில் சில வாரங்களில் வழுவழுப்பான படலம் பிடிக்கும், ஓரத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பச் சோடா ஒரு கரண்டி கலந்து குலுக்கிச் சில மணி நேரம் விடுங்கள். வாடை போகாவிட்டால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர். பிறகு அலசி, உள்ளே ஒரு மரக்கரண்டியைச் செருகிச் சுவர்கள் ஒட்டாதபடி நிழலில் தொங்கவிடுங்கள். சிறு வாய்ப் பை முழுதாகக் காயவே காயாது என்பவர்கள் ஃப்ரீசரில் வைப்பார்கள். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்துகிறது, அவ்வளவுதான். அதுவும் போதும். எடுத்ததும் அலச வேண்டும், உறைந்திருக்கும்போது வளைக்கக் கூடாது. குளுக்கோஸ், ஓ.ஆர்.எஸ்., பழச்சாறு எதையும் பையில் கலக்காதீர்கள். இனிப்பு பட்ட பையில் பூஞ்சை விரைவில் வரும், ஃபில்டரும் அடைக்கும். அதற்கும் அந்தக் கடின பாட்டில்தான்.

கடைசியாக, புதுப் பை வாங்கியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளம்புவதற்கு முதல் வாரமே பையை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். மேலே இரண்டு கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் எங்கே ஈரம் என்று பாருங்கள். மூடிக்குக் கீழே என்றால் வாஷரில் மணல் துகள் இருக்கும், துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். ஓர ஒட்டில் ஈரம் என்றால் அந்தப் பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.